டாக்டர் ஸாமர்வெல்

நம் சாத்தாங்காடு கடலை அடுத்த சமநிலம். மலையென்பதை நம்மவர் பிரயாணம் செய்யும்போது மாத்திரமே காண்கின்றனர். ஆயினும் பாரம் ஏற்றுதலும் இறக்குதலும் எத்தன்மையன என்பதைத் திருவொற்றியூர் முதல் துறைமுகம் வரை வாழ்வோர்க்கு ஒருவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. இங்குள்ள இரும்புச் சந்தையிலே தேர்ந்த மேஸ்திரி, ஒரு தகட்டுக் கட்டைத் தூக்குவதற்கு முன்னரே அதனை இறக்கும் இடத்தையும், அதன் கீழ் ஆள் நில்லாமையையும் பார்த்துக்கொள்வார். உயர்ந்த சிகரத்தில் ஏறுவோர்க்கும் இதுவே முதல் விதியாம். ஏறும் வழியோடு இறங்கும் வழியையும் முன்னரே வகுத்தல் வேண்டும். பிறர் உயிர் ஏழு மாய்ந்தபின் இவ்விதியின் முழுப்பொருளை உணர்ந்து, அதனைத் தம் வாழ்விலும் அனுஷ்டித்த ஒரு பெரியாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

தியடோர் ஹாவர்டு ஸாமர்வெல் 1890-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 16-ஆம் நாள் இங்கிலாந்தில் கெண்டல் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் குடும்பத்தார் பாதரக்ஷை செய்யும் தொழிற்சாலை உடையவர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் இயற்கை விஞ்ஞானம் கற்று முதல் வகுப்பிலே தேறி, பின் லண்டனில் வைத்தியம் பயின்றார். ஓவியமும் சங்கீதமும் அவர்க்கு இயல்பாய் அமைந்தன. விடுமுறைக் காலங்களில் மலையேறுதலே அவர்தம் பெருவிருப்பம்.

முதல் உலக யுத்தத்தில் அவர் பிரான்சு தேசத்திலே இராணுவ வைத்தியராயிருந்தார். 1916-ஆம் வருஷம் ஸோம் நதிக்கரைப் போரிலே காயமுற்றோர் ஆயிரக்கணக்காய் வெளியிற் கிடக்க, அறுவை செய்யத்தக்க வைத்தியரோ மிகச் சிலராயிருந்தனர். யாரை முதலில் மேசைக்கு எடுப்பது என்று நொடிதோறும் தீர்மானிக்கும் கொடுமையை அவர் அங்கே அனுபவித்தார். ஓர் உயிரின் அருமை அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது அங்கேதான்.

1922-ஆம் வருஷம் எவரெஸ்ட் சிகரம் ஏறப் புறப்பட்ட கூட்டத்தில் அவரும் ஒருவரானார். அத்தகைய மலையை ஒரே மூச்சில் ஏறுதல் இயலாது. உயரம் மிக மிகக் காற்று மெலிகின்றமையால், தேகம் அதற்குப் பழகும்படி படிப்படியாய்க் கூடாரம் அமைத்து, ஒவ்வொன்றிலும் உணவும் படுக்கையும் எரிபொருளும் சேர்த்துவைத்தல் வேண்டும். அப்பொருள்களை முதுகிற் சுமந்து ஏறினோர் மலைநாட்டுச் சுமையாளரே. மே மாதம் 21-ஆம் நாள் ஸாமர்வெல், மல்லரி, நார்ட்டன் ஆகிய மூவரும் பிராணவாயுக் கருவியின்றி ஏறத்தாழ 26,985 அடி உயரம் சென்றனர். அதுவரை மனிதர் எவரும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. சிகரம் கண்முன் நின்றும், பொழுதைக் கணக்கிட்டுப் பிற்பகலிலே திரும்பினர். வழியிலே தங்கி நின்ற மார்ஸ்ஹெட் என்னும் தோழரையும் கூட்டிக்கொண்டு இறங்குகையில் கால் வழுக்கியது. நால்வரும் ஒரே கயிற்றில் இழுபட, மல்லரி தம் பனிக்கோடரியை ஊன்றித் தடுத்தமையால் பிழைத்தனர்.

இவ்வளவில் நின்றிருப்பின் நலமாயிருந்திருக்கும். ஜூன் மாதத் தொடக்கத்தில் புதுப்பனி பெருக விழுந்தது. பின்பு வெயில் காய்ந்தமையால் பனி இறுகியிருக்கும் எனக் கருதி, 7-ஆம் நாள் மல்லரியும் ஸாமர்வெல்லும் கிராபோர்டும் சுமையாளர் பதினால்வரோடு வடகணவாய்ச் சரிவில் ஏறினர். செங்குத்தான ஓரிடத்தைச் சோதித்தும் பார்த்தனர். ஐயுறுதற்குக் காரணம் தோன்றவில்லை. ஆயினும் நடுப்பகலுக்குப் பின் சரிவு முழுதும் திடீரெனப் பெயர்ந்தது. சுமையாளர் ஒன்பதின்மர் பனிப்பாறை விளிம்பினின்று கீழே தள்ளுண்டனர். இருவரை உயிரோடு தோண்டி எடுத்தனர், எழுவர் இறந்தனர். அந்த மரணத்தில் ஆங்கிலேயர் ஒருவரும் பங்கு கொள்ளவில்லையே என்னும் துயரம் ஸாமர்வெல்லின் உள்ளத்தை வருத்தியது. ஏறத் தீர்மானித்தோர் தாங்கள். இறந்தோரோ தங்களை நம்பிப் பின்வந்தோர் என்பதை அவர் மறைக்கவுமில்லை, மறக்கவுமில்லை.

மலையினின்று இறங்கிய அவர் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துவரும் வழியில், அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்ததும், 1956 முதல் நம் மாகாணத்தைச் சேர்ந்ததுமான நெய்யூருக்கு வந்தார். லண்டன் மிஷன் வைத்தியசாலையில் டாக்டர் பியூ என்பவர் தனியராய் நின்று, வந்து குவியும் பிணியாளரைக் கவனிக்கமாட்டாது தவிப்பதைக் கண்டார். லண்டனில் தமக்குக் காத்திருந்த உயர்ந்த உத்தியோகத்தை விடுத்து, நெய்யூரிலே ஊழியம் செய்யத் துணிந்தார்.

1924-ஆம் வருஷம் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்றார். மே மாதத்தில் சுமையாளர் நால்வர் பனிப்புயலிடையே வடகணவாயில் அகப்பட்டுக்கொண்டனர். தலைவரான நார்ட்டன் சிகரம் ஏறும் ஏற்பாட்டையெல்லாம் நிறுத்திவைத்து, மல்லரியோடும் ஸாமர்வெல்லோடும் அவரை மீட்க ஏறினார். முதல் அபாயம் நேர்ந்த அதே சரிவுப் பகுதி, அதே புதுப்பனி. ஸாமர்வெல் இடையிற் கயிறு கட்டி முன்சென்றார். கயிறு சில கஜ தூரம் எட்டாது போயிற்று. இருவர் ஒருவாறு வந்து சேர்ந்தனர். மற்றை இருவர் சறுக்கிப் பள்ளத்தின் அருகே தங்கினர். அவர் கோடரியைப் பனியில் ஆழப் பதித்து, தம் இடைக்கயிற்றை அவிழ்த்து அதிற் சுற்றி, அதன் நுனியை ஒரு கையாற் பற்றிக்கொண்டு, மறுகையை நீட்டி ஒவ்வொருவராய் இழுத்துக் காத்தார். நால்வரும் உயிரோடு இறங்கினர்.

ஜூன் 4-ஆம் நாள் அவரும் நார்ட்டனும் பிராணவாயுக் கருவியின்றி உச்சியை நோக்கி ஏறினர். ஏறத்தாழ 28,000 அடி உயரத்தில் தொண்டைப் புண்ணால் மூச்சுவிட இயலாமையின் ஸாமர்வெல் நின்றுவிட்டார். நார்ட்டன் 28,126 அடி வரை சென்று திரும்பினார். இறங்குகையில் பின்னால் வந்த ஸாமர்வெல்லின் தொண்டை முற்றும் அடைபட்டது. மரணம் வந்ததென்றே எண்ணிப் பனியில் அமர்ந்த அவர், இரு கையாலும் மார்பை இறுக அழுத்த, அடைத்திருந்த சதை வெளிப்பட்டு மூச்சு மீண்டது. சின்னாளில் மல்லரியும் இர்வினும் ஏறிச்சென்று, 8-ஆம் நாள் மறைந்தனர். ஸாமர்வெல் கொடுத்த புகைப்படப் பெட்டியும் மல்லரியுடன் சென்றதாம்.

அதன்பின் அவர் நெய்யூரில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு தொண்டு செய்தார். அந்நாட்டில் மிகுந்திருந்த குடற்புண்ணுக்கு அறுவைச் சிகிச்சை செய்வதில் பெயர்பெற்றார். 1949 முதல் 1961 வரை வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் இளைஞர்க்கு அறுவை வைத்தியம் கற்பித்தார். பின் தாய்நாடு சென்று, மலையேறுவோர் சங்கமாகிய ஆல்பைன் கிளப்புக்குத் தலைவராயிருந்து, 1975-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 23-ஆம் நாள் ஆம்பிள்சைடு என்னுமிடத்தில் காலமானார்.

அவர் எவரெஸ்டின் உச்சியை மிதித்தாரில்லை. ஆயினும் தோல்வியுற்றார் எனக் கூறத் துணிவார் யார்? பழகிய தேகம், நிறைந்த கூடாரம், உறுதியான கயிறு, திரும்பும் நேரம் என்னும் இவையெல்லாம் சிகரமேறுவோர்க்கு இன்றியமையாதனவே. அவற்றினும் முதன்மையானது, நம் பாரத்தைச் சுமப்போரின் உயிரையும் நம் உயிரோடு ஒன்றாக வைத்து எண்ணுதலாம். பனி ஐயத்துக்கிடமாயின் அவரையும் ஏற்றலாகாது. அவர் சிக்கிக்கொண்டாலோ சிகரத்தை விடுத்து அவரை மீட்டல் வேண்டும். 1922-இல் பிழைத்த கணக்கை அவர் 1924-இல் திருத்தினார். இறந்த எழுவரை அது மீட்கவில்லை; நால்வரைக் காத்தது.

மாணவ சகோதரர்களே! நம்மில் பலர் நாளை ஆலைகளிலும் துறைமுகத்திலும் பிறரை ஏவும் பதவியில் அமர்வோம். ஏற்றும் பாரத்தின் கீழ் யார் நிற்கின்றார் என்று முதலில் நோக்குவோமாக.