சிபிடி தெரபிஸ்ட்டைத் தேடுகிறீர்களா? முதலில் எபிக்டெட்டஸைத் தெரிந்துகொள்ளுங்கள்!

ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆபீஸ் மீட்டிங் என்றாலே நெஞ்சு படபடக்கிறது. டாக்டரிடம் போனால், சிபிடி செய்பவரைப் பாருங்கள் என்கிறார். சிபிடி என்றால் காக்னிடிவ் பிஹேவியரல் தெரபி. நம் எண்ணங்களையும் பழக்கங்களையும் சோதித்து மாற்றுவதன் வழியாக மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றைக் கையாளும் பேச்சு சிகிச்சை. சரி என்று செல்போனில் தேடினால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எல்லோருமே சிபிடி செய்வதாகத்தான் போட்டிருக்கிறார்கள். இதில் உண்மையாகவே அதைச் செய்பவரை எப்படி அடையாளம் காண்பது?

இதற்கு உதவக்கூடிய ஒருவர் சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்க நாட்டில் வாழ்ந்தார். பெயர் எபிக்டெட்டஸ். அடிமையாக இருந்தவர். ஒரு கால் ஊனம். தன் கைப்பட ஒரு புத்தகம்கூட எழுதி வைக்கவில்லை. ஆனாலும், இன்றைய சிபிடியின் வேர்களைத் தேடிப் போகிறவர்கள் அவர் நடத்திய பள்ளிக்கூடத்தின் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

யார் இந்த எபிக்டெட்டஸ்?

கி.பி. 50 வாக்கில், இன்றைய துருக்கியில் உள்ள ஹியராபோலிஸ் நகரில் பிறந்தவர். சுற்றுலா போகிறவர்கள் பமுக்கலே என்ற பெயரில் பார்க்கும் வெள்ளைப் பாறைகளும் வெந்நீர் ஊற்றுகளும் இருக்கும் இடம்தான் அது. எபிக்டெட்டஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கே 'வாங்கப்பட்டவர்' என்றுதான் பொருள். பெற்றோர் வைத்த பெயர் வேறு ஏதாவது இருந்ததா என்பதற்குப் பதிவே இல்லை.

சின்ன வயதிலேயே ரோம் நகரத்துக்குப் போய்விட்டார். அவருடைய எஜமானர் எபஃப்ரோடிட்டஸ், பேரரசன் நீரோவிடம் செயலாளராக இருந்த பணக்காரர். வேடிக்கை என்னவென்றால், அந்த எஜமானரும் ஒரு காலத்தில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்தான். எபிக்டெட்டஸின் கால் ஊனமானதற்கு இரண்டு கதைகள் உண்டு. எஜமானர் காலை முறுக்கி உடைத்தார் என்பது ஒன்று. நோயால் வந்தது என்பது இன்னொன்று.

அதிகாரம் எப்படி இயங்குகிறது என்பதை அந்த வீட்டில் அவர் கண்ணாலேயே பார்த்தார். பிற்காலத்தில் மாணவர்களுக்கு அவர் சொன்ன ஒரு சம்பவம் இது. எஜமானரிடம் செருப்பு தைக்கும் அடிமை ஒருவர் இருந்தார். வேலைக்கு ஆக மாட்டார் என்று அவரை விற்றுவிட்டார்கள். அவரை வாங்கியது யார் தெரியுமா? அரண்மனை! அன்றிலிருந்து எஜமானரின் பேச்சே மாறிவிட்டது. விரட்டி விற்ற அதே ஆளை மரியாதையாக விசாரிப்பதும், அவரோடு கூடிக் கூடி ஆலோசனை நடத்துவதுமாக இருந்தாராம். சுதந்திரமானவர் என்று சொல்லிக்கொள்கிறவரும் பதவிக்கும் பயத்துக்கும் அடிமையாக இருக்க முடியும் என்பது எபிக்டெட்டஸின் மனதில் பதிந்தது இப்படித்தான்.

பாராட்டு கேட்காத வாத்தியார்

அடிமையாக இருந்தபோதே முசோனியஸ் ரூஃபஸ் என்ற ஸ்டோயிக் தத்துவ ஆசிரியரிடம் பாடம் கேட்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. மாணவர்கள் தன்னைப் பாராட்டும் அளவுக்கு நேரம் கிடைக்கிறது என்றால், தன் பேச்சு வீண் என்று நினைத்தவர் முசோனியஸ். கேட்கிற ஒவ்வொருவருக்கும், நம் குறையை யாரோ இவரிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்களோ என்று தோன்ற வேண்டுமாம்.

பிறகு எபிக்டெட்டஸுக்கு விடுதலை கிடைத்தது. ரோமிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கி.பி. 90 வாக்கில் பேரரசன் டொமிஷியன் தத்துவவாதிகளை எல்லாம் நகரத்தைவிட்டுத் துரத்தினான். பழைய எஜமானர் எபஃப்ரோடிட்டஸும் தப்பவில்லை. நீரோவின் தற்கொலைக்குக் கைகொடுத்தவர் என்று சொல்லி, பல ஆண்டுகள் கழித்து டொமிஷியன் அவரைக் கொன்றான். எபிக்டெட்டஸ் அழுது புலம்பிக்கொண்டிருக்கவில்லை. கிரேக்கத்தின் மேற்குக் கரையில் இருக்கும் நிகோபோலிஸ் நகரத்துக்குப் போய்ப் பள்ளியைத் திறந்தார்.

பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா?

இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் இடையே பயணம் செய்பவர்கள் கப்பல் பிடிக்கும் பக்கம் அது. அதனால் மாணவர்களோடு அதிகாரிகள், வழக்குக்காகப் போகிறவர்கள், குடும்பக் கவலையில் இருப்பவர்கள் என்று பலரும் அவரைப் பார்க்க வந்தார்கள்.

தன் பள்ளியை அவர் வைத்தியசாலையாகத்தான் நினைத்தார். தோள்பட்டை விலகியவர், புண் உள்ளவர், தலைவலிக்காரர் எல்லாம் வைத்தியரிடம் போகிறார்கள். அங்கே போய் அழகான பேச்சைக் கேட்டுக் கைதட்டிவிட்டுத் திரும்பினால், தோள்பட்டை தோள்பட்டையாகவே கிடக்கும். சிகிச்சை என்றால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும் என்பது அவர் கட்சி.

அவருடைய அடிப்படைப் பாடம் எளிமையானது. நடந்த சம்பவம் வேறு, அதைப் பற்றி நாம் எடுக்கும் முடிவு வேறு. நம்மை ஆட்டிவைப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். ஆகவே மனதில் ஒரு எண்ணம் வந்ததும் அப்படியே நம்பிவிடாமல், அதை வாசலில் நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

மகளை விட்டு ஓடிய அப்பா

இது நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு நாள் அரசு அதிகாரி ஒருவர் வந்தார். பேச்சு குடும்பத்தைத் தொட்டதும் உடைந்துபோனார். மகளுக்கு உடம்பு ரொம்ப மோசமாகிவிட்டது. பக்கத்தில் இருந்து பார்க்கத் தாங்காமல் வீட்டைவிட்டே போய்விட்டார். குணமாகிவிட்டாள் என்று ஆள் வந்து சொல்லும்வரை திரும்பவில்லை. பாசம் உள்ள எந்த அப்பாவும் அப்படித்தான் செய்வார் என்பது அவர் வாதம்.

எபிக்டெட்டஸ் அவரைத் திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. வரிசையாகக் கேள்வி கேட்டார். அம்மாவுக்கும் அந்தக் குழந்தைமேல் பாசம் உண்டா? அப்படியானால் அவரும் விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டுமா? வளர்த்த தாதியும் போயிருக்க வேண்டுமா? பாசம் உள்ளவர்கள் எல்லோரும் போய்விட்டால், பாசமே இல்லாதவர்கள் கையில் அல்லவா குழந்தை கிடக்கும்? உங்களுக்கே உடம்பு முடியாமல் போனால், வீட்டில் உள்ளவர்கள் இப்படிப் பாசம் காட்டுவதை விரும்புவீர்களா?

அவரைத் துரத்தியது பாசமும் இல்லை, மகளின் நோயும் இல்லை, ஓடிப்போவதே சரி என்று அந்த நேரத்தில் அவர் எடுத்த முடிவுதான் என்பது பேச்சின் கடைசியில் தெளிவானது. இன்றைய சிபிடி தெரபிஸ்ட்டும் இதே மாதிரி கேள்விகளைத்தான் பயன்படுத்துகிறார். தெரபிஸ்ட்டே தீர்ப்புச் சொல்லாமல், எதிரில் இருப்பவரே தன் எண்ணத்தில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடிக்க வைக்கும் முறை இது. சாக்ரடீஸிடம் இருந்து வந்ததால், சிபிடியில் இதை 'சாக்ரடிக் கேள்விமுறை' என்றே சொல்கிறார்கள்.

அப்போதே ஹோம்வொர்க் உண்டு

பேசினால் மட்டும் போதாது என்பதிலும் எபிக்டெட்டஸ் கறாராக இருந்தார். ஆடுகள் எவ்வளவு புல் தின்றோம் என்று காட்ட மேய்ப்பன் முன்னால் வந்து கக்குவதில்லை, பாலாகவும் கம்பளியாகவும்தான் காட்டுகின்றன என்பார். படித்ததை ஒப்பிப்பதைவிட நடந்து காட்டுவது முக்கியம்.

கோபக்காரர்களுக்கு அவர் கொடுத்த பயிற்சி இது. கோபப்படாத நாட்களை எண்ணிக்கொண்டே வரவேண்டும். முதலில் தினமும் வந்தது, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை என்று குறையும். 30 நாள் தாண்டிவிட்டால் கடவுளுக்கு நன்றிக்கடன் செலுத்தலாம். பொதுக் குளியலறைக்குப் போகும் முன், அங்கே தண்ணீர் தெறிப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், திருடுவார்கள் என்று முன்கூட்டியே மனதில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இன்றைய சிபிடியில் வாரம் முழுக்க எண்ணங்களைக் குறித்துவைக்கும் தாளும், பயப்படும் சூழ்நிலையைப் படிப்படியாகச் சந்திக்கும் பயிற்சியும் இருக்கின்றன. வடிவம் புதுசு, வழி பழசு.

ஒருமுறை, வழக்குக்காக ரோமுக்குப் போய்க்கொண்டிருந்த பேச்சாளர் ஒருவர் வந்தார். கப்பல் கிளம்புவதற்குள் ஏதாவது உபதேசம் கேட்டுவிட்டுப் போகலாம் என்பது அவர் எண்ணம். போகிற போக்கில் எட்டிப் பார்ப்பது சந்திப்பே ஆகாது, உங்கள் எண்ணங்களை நானும் என் எண்ணங்களை நீங்களும் சோதித்துப் பார்த்தால்தான் சந்திப்பு என்று எபிக்டெட்டஸ் சொல்லிவிட்டார்.

விளக்கு வாங்கியவர்

எபிக்டெட்டஸின் பேச்சைக் கையோடு குறித்துவைத்தவர் அர்ரியன் என்ற மாணவர். அலெக்சாண்டரின் படையெடுப்பு பற்றியும் இந்தியாவைப் பற்றியும் பின்னாளில் புத்தகங்கள் எழுதிய அதே வரலாற்று ஆசிரியர்தான். அந்தக் குறிப்புகளில் 4 பாகங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ், தனக்கு இவை கிடைத்ததை நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். ஒரு அடிமையின் பாடத்தை ஒரு பேரரசர் படித்தார்.

நீண்ட காலம் தனியாகவே வாழ்ந்த எபிக்டெட்டஸ், வறுமையால் கைவிடப்பட இருந்த நண்பரின் குழந்தையை முதுமையில் எடுத்து வளர்த்தார். கி.பி. 135 வாக்கில் இறந்தார். அவரது இரும்பு விளக்கை ஒருமுறை திருடன் கொண்டுபோய்விட்டான். போனால் போகட்டும், நாளைக்கு மண் விளக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அவர் இறந்த பிறகு அந்த மண் விளக்கை ஒருவர் 3,000 திராக்மா கொடுத்து வாங்கினாராம். அதன் வெளிச்சத்தில் படித்தால் ஞானம் தானாக வந்துவிடும் என்று அவர் நம்பியதை லூசியன் என்ற எழுத்தாளர் கிண்டலடித்திருக்கிறார்.

சிபிடிக்கு எப்படி வந்தார்?

1950-களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர், வருடக்கணக்கில் பழைய நினைவுகளைக் கிளறும் உளப்பகுப்பாய்வில் நம்பிக்கை இழந்தார். எண்ணங்களை நேரடியாக விவாதிக்கும் சிகிச்சையை உருவாக்கியபோது, எபிக்டெட்டஸை வெளிப்படையாகவே முன்னோடியாகச் சொன்னார். 1960-களில் பென்சில்வேனியாவில் மனநல மருத்துவர் ஆரோன் பெக், மனச்சோர்வுக்காகத் தனி முறையை வளர்த்தார். அவரும் சகாக்களும் 1979-இல் வெளியிட்ட புத்தகம், இந்தச் சிகிச்சையின் தத்துவ வேர் ஸ்டோயிக் சிந்தனையாளர்களிடம் இருப்பதாகச் சொல்கிறது.

அதற்காக எபிக்டெட்டஸை அப்படியே காப்பி அடிக்க முடியாது. அவர் மாணவர்களை அடிமையே என்று அதட்டுவார். குழந்தையை முத்தமிடும்போதே அது ஒருநாள் இறக்கக்கூடும் என்று நினைத்துக்கொள்ளச் சொல்வார். இன்று ஒரு தெரபிஸ்ட் இப்படிப் பேசினால் எழுந்து வந்துவிடலாம்.

இன்னொரு சந்தேகமும் நியாயமானது. எல்லாம் உன் எண்ணத்தில்தான் இருக்கிறது என்று சொல்லி, பாதிக்கப்பட்டவரையே குற்றவாளி ஆக்கும் வேலையா இது? இல்லை. மேனேஜர் அவமானப்படுத்துகிறார் என்றால், அது பரவாயில்லை என்று நம்பவைப்பது சிபிடியின் வேலை கிடையாது. நான் எதற்கும் லாயக்கில்லை என்று அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவைச் சோதிப்பதும், புகார் கொடுப்பதா, வேறு வேலை தேடுவதா என்று யோசிக்கத் தெம்பு வரவைப்பதும்தான் அதன் வேலை.

தெரபிஸ்ட்டிடம் என்ன கேட்கலாம்?

நிகோபோலிஸ் பள்ளியை மனதில் வைத்துக்கொண்டு, முதல் செஷனிலேயே இவற்றைத் தயங்காமல் கேட்கலாம்:

• சிபிடியில் எங்கே பயிற்சி பெற்றீர்கள்? என் பிரச்சினை உள்ளவர்களுக்கு அதைச் செய்த அனுபவம் உண்டா? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்றும் பாருங்கள்.

• இலக்கு என்ன, எத்தனை செஷன்? சிபிடி பொதுவாக 5 முதல் 20 செஷன்களில் முடியும். எல்லை தெரியாமல் இழுத்துக்கொண்டே போனால் காரணம் கேளுங்கள்.

• வீட்டில் செய்யப் பயிற்சி தருவீர்களா? ஒவ்வொரு வாரமும் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்து, எதையும் எழுதவோ செய்துபார்க்கவோ சொல்லவில்லை என்றால், அது வேறு ஏதோ சிகிச்சையாக இருக்கலாம். சிபிடியாக இருக்க வாய்ப்பு குறைவு.

• முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? நாட்களை எண்ணச் சொன்ன எபிக்டெட்டஸ் போல, இன்று கேள்வித்தாள் மூலம் மதிப்பெண் போட்டுப் பார்க்கிறார்கள்.

• மாத்திரை தேவைப்பட்டால் யாரிடம் அனுப்புவீர்கள்? கடுமையான மனச்சோர்வில் மருந்தும் சிகிச்சையும் சேர்ந்தே தேவைப்படலாம். மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை.

இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் தொடரலாம். சில செஷன்கள் போய்ப் பார்த்தும் செட் ஆகவில்லை என்றால், இன்னொருவரிடம் மாறுவதில் தப்பே இல்லை. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையா? மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், தெரபிஸ்ட் அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே இந்த எண்ணை அழையுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.