கரை காத்த கலிங்கு: விசுவேசுவரையாவின் வாழ்வு

பறம்பு நாட்டுத் தலைவன் பாரி மறைந்தபின் அந்நாட்டுக்கு நேர்ந்த அழிவைக் கபிலர் புறநானூற்றில் பாடுமிடத்து, காப்பாரற்ற சிறுகுளம் ஒன்றின் கரை உடைவதைச் சொல்லி அமைகின்றார். நாடு பாழானமைக்கு அவர் கண்ட சான்று அதுவே. கரை என்பது ஒருமுறை கட்டி முடித்துவிட்டு மறந்துபோகும் பொருளன்று. காவல் உள்ள வரையே அது கரை. இவ்வுண்மையைப் பொறியியல் துறையில் நின்று வாழ்நாள் முழுவதும் எண்ணிப் பார்த்தவர் மோட்சகுண்டம் விசுவேசுவரையா ஆவார். கிருட்டிணராசசாகரம் கண்டவர் என்றும், மைசூர் நாட்டின் திவான் என்றும் அவரை உலகம் அறியும். ஊர் உண்ணும் நீரைத் தேக்கும் கரைகளுக்கும் அவருக்கும் இருந்த நெடுநாள் உறவு அத்துணை அறியப்படவில்லை.

1860 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15 ஆம் நாள், நந்தி மலைச் சாரலை அடுத்த முத்தேனஅள்ளி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தமிழகத்துக்குப் பாலாற்றையும் தென்பெண்ணையையும் ஈந்த மலைப்பகுதி அது. பேராறு ஏதும் பாயாத அந்நிலம், மழைநீரை ஏரிகளில் தேக்கி வாழ்வது. மேலேரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால் கீழேரி நிரம்பும். மேலேரி உடைந்தால் கீழேரியும் உடையும். தந்தையார் சீனிவாச சாத்திரி வடமொழிப் புலவர். இளமையிலேயே தந்தையை இழந்த விசுவேசுவரையா, பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தாமும் பயின்றார். 1881 இல் பெங்களூர் மத்தியக் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்று, பூனா சென்று பொறியியல் கற்றுத் தேறி, 1884 இல் பம்பாய் மாநிலப் பொதுப்பணித் துறையில் துணைப் பொறியாளராகப் பணியேற்றார்.

அவர்தம் திறம் முதலில் நன்கு வெளிப்பட்டது சிந்து ஆற்றங்கரையில் உள்ள சக்கர் என்னும் ஊரின் குடிநீர்த் திட்டத்தில் எனலாம். ஆற்றுநீரோ வண்டல் மிகுந்தது. அதைத் தெளிவிக்கும் வடிகட்டிகளை அமைக்க நகராட்சியிடம் போதிய பொருள் இல்லை. வைகை மணலில் ஊற்றுத் தோண்டி நீர் முகக்கும் நம் பெண்டிர் அறிந்த இயல்பையே அவர் பெரிய அளவில் மேற்கொண்டார். ஆற்றுப்படுகையில் கிணறு தோண்டி, மணலூடே கசிந்து தெளிந்து வரும் நீரை அதில் சேர்த்து, குன்றின்மேல் அமைந்த தொட்டிக்கு ஏற்றி, ஊருக்கு வழங்கினார். 1895 இல் அத்திட்டம் நிறைவுற்றது. இயற்கையின் போக்கை எதிர்த்து நில்லாமல் அதனையே ஏவல் கொள்ளும் அவருடைய முறைமை இங்கே தொடங்கியது.

அம்முறைமை முழுமை பெற்ற இடம் பூனாவுக்கு மேற்கே முட்டா ஆற்றின் குறுக்கே அமைந்த கடக்வாசலா அணை. ஃபைஃப் ஏரி என்று அந்நாளில் அழைக்கப்பட்ட அந்நீர்த்தேக்கமே பூனா நகருக்கும் படைவீடுகளுக்கும் குடிநீர் தந்தது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் கலிங்கின்மேல் பல அடி உயரம் வெள்ளம் வழிந்து வீணாகும். கோடையிலோ நீர் போதாது. அணையை உயர்த்தலாம் என்றால் செலவு பெரிது. கலிங்கை மட்டும் நிலையாக உயர்த்திவிட்டால் வெள்ளக் காலத்தில் நீர்மட்டம் அணைக்கு மேலும் உயர்ந்து கேடு விளையும்.

தமிழக ஏரிகளின் வழக்கத்தை அறிந்தோர்க்கு இவ்விடர் எளிதில் விளங்கும். கலிங்கின்மேல் நிறுத்திய கற்களுக்கிடையே மழைக்கால முடிவில் பலகையும் மண்ணும் இட்டு அடைத்து, கூடுதலாக ஒன்றிரண்டு அடி நீர் தேக்குவது நம் உழவர் வழக்கம். எதிர்பாராத மழை நள்ளிரவில் கொட்டுமாயின், அவ்வடைப்பை விரைந்து சென்று நீக்குவார் வேண்டும். அவர் உறங்கிவிட்டால் கரை போய்விடும். கூடுதல் நீரின்மேல் உள்ள ஆசைக்கும் கரையின் பாதுகாப்புக்கும் இடையே நிற்பது அந்த ஒரு மனிதனின் விழிப்பே.

அவ்விழிப்பை மதகுக்கே தந்தார் விசுவேசுவரையா. எடைக்கு எதிர் எடை கட்டி, நீரின் அழுத்தமே இயக்குமாறு தானியங்கி மதகுகளை வகுத்தார். குறித்த அளவு வரை அவை நீரைத் தடுத்து நிற்கும். அவ்வளவை வெள்ளம் கடந்தவுடன் தாமே திறந்து மிகையை வெளியேற்றும். வெள்ளம் தணிந்தால் தாமே மூடிக்கொள்ளும். 1903 இல் அவை பொருத்தப்பட்டன. அணையை ஓர் அடியும் உயர்த்தாமலே, கலிங்கின் பழைய மட்டத்துக்கு மேல் 8 அடி நீர் நின்றது. நீர்க்கொள்ளளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிகுந்தது. அம்மதகுக்குக் காப்புரிமை அவர் பெயரில் இருந்தும், பணிக்கடமையின்போது கண்டதற்குப் பங்குத்தொகை கொள்ளுதல் முறையன்று எனக் கருதி அதனை ஏற்க மறுத்தார்.

1908 செப்டம்பர் 28 அன்று ஐதராபாத்து நகரை மூசி ஆறு அழித்தது. பல்லாயிரவர் மாண்டனர். பம்பாய்ப் பணியிலிருந்து விலகி வெளிநாட்டுப் பயணத்தில் இருந்த விசுவேசுவரையாவை நிசாம் அரசு அழைத்தது. அடுத்த ஆண்டு ஐதராபாத்து வந்த அவர், ஆற்றை மட்டும் ஆராயாமல் ஆற்றுக்கு நீர் தரும் நிலப்பரப்பு முழுவதையும் ஆராய்ந்தார். அப்பரப்பில் இருந்த 788 ஏரிகளுள் 221 உடைந்திருந்தன. ஊரூராய் மக்கள் குடிக்கவும் உழவும் தேக்கி வைத்திருந்த சிற்றேரிகள், மேலது கீழதை உடைக்க அது தனக்குக் கீழதை உடைக்க, ஆற்று வெள்ளத்தோடு தம் வெள்ளத்தையும் சேர்த்து நகரின்மேல் பாய்ந்திருந்தன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சிறு கரை. சேர்த்துப் பார்த்தால் ஒரு தலைநகரின் ஊழ். நகருக்கு மேலே பெருநீர்த்தேக்கங்கள் கட்டி வெள்ளத்தைத் தடுத்து, ஆறு தாங்கும் அளவே கீழே விடவேண்டும் என்பது அவர் தந்த திட்டம். அதன்வழி எழுந்தவை 1920 இல் நிறைவுற்ற உசுமான் சாகரும், 1927 இல் நிறைவுற்ற இமாயத்து சாகரும் ஆகும். வெள்ளம் தடுக்கப் பிறந்த அவ்விரண்டும் அந்நகர் மக்களுக்குக் குடிநீரும் தந்தன.

1909 இல் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராகவும், 1912 முதல் 1918 வரை திவானாகவும் அவர் விளங்கினார். 1911 இல் காவிரியின் குறுக்கே கிருட்டிணராசசாகரப் பணி தொடங்கியது. சென்னை மாநில அரசுடன் எழுந்த வழக்கால், முதற்கட்டத்தில் குறைந்த உயரத்துக்கே இசைவு கிடைத்தது. ஆயினும் பின்னாளில் எழ வேண்டிய முழு உயரத்தையும் தாங்குமாறு அடித்தளத்தை அவர் அகலமாக இட்டார். இருமாநில அரசியலில் அச்செயல் குறித்து மாறுபட்ட கருத்துகள் உண்டு. அவ்வழக்கு 1924 உடன்படிக்கையில் வந்து நின்றதையும், 1934 இல் மேட்டூர் அணை எழுந்ததையும் தமிழர் அறிவர். பொறியியல் நோக்கில், பின்னர் உயரப்போகும் சுவருக்கு முன்னரே அகன்ற அடி வேண்டும் என்பது மறுக்கவொண்ணா நெறி. அவர்தம் தானியங்கி மதகு முறையை ஏற்ற குவாலியர் நகரின் திக்ரா அணை, 1917 இல் அடித்தளம் வழுக்கி உடைந்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. மதகு மிகைநீருக்கு வழிவிடும். வலுவற்ற அடித்தளத்தை அது தாங்காது.

1955 இல் பாரத ரத்னா விருது அவரை அடைந்தது. 1960 இல் நூற்றாண்டு விழாவைத் தாமே காணும் பேறும் வாய்த்தது. அதற்கு அடுத்த ஆண்டு நிகழ்ந்ததோ, அவ்வாழ்வின் மிகத் துயரமான பின்னுரை.

கடக்வாசலாவுக்கு மேலே, முட்டாவின் கிளையாறான அம்பியின் குறுக்கே பான்சேத் என்னும் மண்ணணை அப்போது எழுப்பப்பட்டிருந்தது. அவ்வாண்டே அதில் முதன்முறையாக நீர் நிரம்பியது. நீர்ப்போக்குக் குழாய்வழி போதிய வலுவின்றி அமைந்திருந்தது. அதன்மேல் இருந்த கரை இறங்கத் தொடங்கியபோது, படைவீரர்கள் இரவெல்லாம் மணல் மூட்டைகளை அடுக்கிப் போராடினர். 1961 சூலை 12 காலை பான்சேத் உடைந்தது. அதன் வெள்ளம் முழுவதும் கீழே நின்ற கடக்வாசலாவின்மேல் வந்து மோத, அன்றே அதுவும் உடைந்தது. பூனா நீரில் மூழ்கியது. ஆற்று வெள்ளத்தின் அளவறிந்து திறக்கும் மதகுகள் அவை. மேலே ஓர் அணையே உடைந்து வரும் வெள்ளத்தை எந்த மதகும் அளந்து வழிவிட இயலாது. 1908 இல் மூசிக் கரையில் அவர் எண்ணிக் காட்டிய பாடமே, 53 ஆண்டுகளுக்குப் பின் அவர் பணியாற்றிய அணையின்மேலேயே எழுதப்பட்டது. அப்போது அவருக்கு அகவை நூறு நிறைந்து சில திங்களே கடந்திருந்தன. 1962 ஏப்ரலில் அவர் மறைந்தார். ஏரிகள் சூழ்ந்த முத்தேனஅள்ளியிலேயே அவர் நினைவிடம் அமைந்துள்ளது.

கடக்வாசலா மீண்டும் கட்டப்பட்டு இன்றும் அந்நகருக்கு நீர் தருகிறது. அணைகளின் ஆய்வையும் காவலையும் கடமையாக்கும் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 இல் இந்திய நாட்டில் இயற்றப்பட்டது. பேரணைகளைக் கருதியே எழுந்த அச்சட்டத்தின் எல்லைக்குள் எண்ணற்ற ஊரேரிகள் வாரா. அவற்றின் கலிங்கு தூர்ந்துள்ளதா, கரையில் மரவேர் துளைத்துள்ளதா, கசியும் நீர் தெளிந்துள்ளதா கலங்கியுள்ளதா என்று நடந்து பார்ப்பார் இன்றும் தேவை. கரைமேல் நின்று கீழ்நிலத்தை நோக்குவோர் பலர். மேலேரியையும் திரும்பி நோக்கவேண்டும் என்பதே விசுவேசுவரையாவின் வாழ்வு விட்டுச்சென்ற பாடம். பாரியின் சிறுகுளம் வேண்டி நின்ற காவலும் அதுவே.