வக்கீல் தொழிலை விட்டு பஸ் விட்டவர்
மூன்று எழுத்துக்குள் ஒரு வாழ்க்கை: டி.வி.சுந்தரம் ஐயங்கார்

போடிநாயக்கனூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஏலக்காய் மூட்டையா? தண்ணீர்க் குடமா? பள்ளிக்கூடம் போகும் பிள்ளையா? எதுவானாலும் பின்னால் வைத்துக்கொண்டு "டி.வி.எஸ். 50" ஓடும். 1980-ம் ஆண்டு வெளிவந்த அந்தச் சின்ன வண்டி, மலையடிவார மக்களின் வீட்டு மாடு போல ஆகிவிட்டது.

வண்டியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மூன்று எழுத்தும் ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் ஐயங்கார். அவர்தான் டி.வி.எஸ். தென்னாட்டில் மோட்டார் தொழிலுக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்.

பெயிண்ட் பூசுவது கடைசி வேலை

அவர் கதையைச் சொல்லுமுன் போடியில் நடக்கும் ஒரு வேலையைப் பார்ப்போம். அவர் தொழிலின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது.

போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்கும் ஜீப்புகளுக்கு ஆயுள் குறைவு. இஞ்சின் கெடுவதற்கு முன்பே தகடு கெட்டுவிடும். மலை மேலே மூடுபனியும் மழையும். கீழே வெயிலும் புழுதியும். ஏலத் தோட்டத்துச் சேறு சக்கரத்துக்கு மேலே அப்பிக்கொள்ளும். அது ஈரத்தோடு கிடந்தால், உள்ளே துரு தின்னத் தொடங்கும்.

அப்படிப்பட்ட ஜீப்பைப் புதுசாக்க வேண்டும் என்றால் பெயிண்ட் டப்பாவை முதலில் திறக்கக் கூடாது. விளக்கு, கண்ணாடி, கைப்பிடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பழைய பெயிண்டைச் சுரண்ட வேண்டும். துருவைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் தகடு தெரியும்வரை எடுக்க வேண்டும். தகட்டின் நெளிவைத் தட்டி நிமிர்த்துவது டிங்கர் வேலை. அதன்மேல் துரு பிடிக்காமல் காக்கும் ரெட் ஆக்சைடு. பிறகு பள்ளம் மேடு தெரியாதபடி பட்டி. பட்டி காய்ந்ததும் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்ப்பு. கையால் தடவினால் கண்ணாடி போல வழுக்க வேண்டும். வழுக்காவிட்டால் மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு!

அதற்குப் பிறகுதான் பெயிண்ட். தூசி எழாமல் தரையில் தண்ணீர் தெளித்து, பெயிண்ட் படக்கூடாத இடங்களில் பழைய செய்தித்தாளை ஒட்டி மூடி, மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்று அடிப்பார்கள். மழை ஈரம் உள்ள நாளில் அடிக்கமாட்டார்கள். காற்றில் ஈரம் இருந்தால் சில வகைப் பெயிண்ட் வெளுத்துப் போகும்.

நாலு நாள் வேலையில் மூன்று நாள் வேலை கண்ணுக்குத் தெரியாது. தெரிவது பளபளப்பு மட்டுந்தான். ஆனால் அடியிலே துரு இருந்தால், மேலே எத்தனை பளபளப்பு இருந்தும் ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பிவிடும்.

சுந்தரம் ஐயங்கார் நடத்திய வியாபாரமும் இப்படித்தான். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத வேலையை முதலில் செய்தார்!

இளமை

1877-ம் ஆண்டு மார்ச் மாதம் 22-ந் தேதி திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த திருக்குறுங்குடியில் அவர் பிறந்தார். மகேந்திரகிரி மலையின் அடிவாரத்தில் உள்ள வைணவத் திருத்தலம் அது.

சட்டம் படித்து வக்கீல் தொழிலில் இறங்கினார். பிறகு ரெயில்வேயில் வேலை பார்த்தார். பிறகு ஒரு பாங்கியில் உத்தியோகம்.

அந்தக் காலத்தில் படித்த குடும்பங்களுக்கு இவைதான் பெருமை. மாதம் பிறந்தால் சம்பளம், ஊரிலே மரியாதை. வியாபாரம் என்றால் முகம் சுளிப்பார்கள். அதிலும் எண்ணெயும் கரியும் அப்பும் மோட்டார் வியாபாரமா? கேட்கவே வேண்டாம்!

ஆனால் அவர் உத்தியோகத்தை விட்டார். 1911-ம் ஆண்டு தொழிலில் இறங்கினார். 1912-ம் ஆண்டு மதுரையில் பஸ் விட்டார். அப்போது அவருக்கு வயது 35.

பாதை எங்கும் ஆணி

இன்று பஸ் விடுவது பெரிய காரியமாகத் தோன்றாது. அன்று அப்படி இல்லை. தார் ரோடு அபூர்வம். மாட்டு வண்டிகளுக்காகப் போட்ட சரளைப் பாதைகளே அதிகம். மாட்டின் லாடத்திலிருந்தும், வண்டிச் சக்கரத்திலிருந்தும், செருப்பிலிருந்தும் விழுந்த ஆணிகள் பாதை முழுக்கக் கிடக்கும். பஸ் டயரில் ஆணி ஏறினால் நடுக்காட்டில் நிற்க வேண்டியதுதான்.

பஸ் நின்றால் என்ன ஆகும்? கோர்ட்டுக்குப் போகிறவர் வாய்தாவைத் தவறவிடுவார். சந்தைக்குப் போகிற பெண்ணின் கறிகாய் வாடும். மறுநாள் அவர்கள் மாட்டு வண்டியைத்தான் தேடுவார்கள்.

டயரை மாற்றிக்கொண்டே இருப்பதால் பயனில்லை என்று கண்டார் ஐயங்கார். ஆணியையே எடுத்துவிட என்ன வழி என்று யோசித்தார். காந்தம் பொருத்திய ஒரு வண்டியைப் பாதையில் ஓடவிட்டார். அது முன்னே போய் ஆணிகளை இழுத்துக்கொள்ளும். பஸ் பின்னே வரும். பாதை அவருடையது அல்ல, சர்க்காருடையது. ஆனால் பிரயாணிகள் அவருடைய பொறுப்பு!

இதனால் பஸ் நேரத்துக்கு வந்தது. டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம் என்று மதுரை ஜில்லாவில் ஒரு பேச்சே உண்டாயிற்று. டிக்கெட் கட்டணத்தில் பேரமில்லை. கூட்டம் சேரட்டும் என்று காத்திருப்பதும் இல்லை. நேரமானால் வண்டி புறப்பட்டுவிடும்.

எலும்புக்கூடு வரும், உடம்பு இங்கே!

அந்நாளில் பஸ் முழுதாகக் கப்பலில் வராது. இஞ்சின், சக்கரம், இரும்புச் சட்டம் ஆகியவை மட்டும் வரும். இதற்கு "சேஸ்" என்று பெயர். ஆசனம், கூரை, ஜன்னல், கதவு எல்லாம் இங்கேதான் கட்ட வேண்டும். அதுதான் "பாடி கட்டுதல்".

இது தச்சரும் கொல்லரும் பெயிண்டரும் சேர்ந்து செய்கிற வேலை. மரச்சட்டம் அடித்து, அதன்மேல் தகடு பொருத்தி, பட்டி பூசி, தேய்த்து, வர்ணம் அடிக்க வேண்டும். மரம் நன்றாகக் காயாமல் இருந்தால், பஸ் ஓட ஓடச் சட்டம் ஆடும். சட்டம் ஆடினால் தகடு விலகும். தகடு விலகினால் பெயிண்ட் வெடிக்கும். மழைத் தண்ணீர் உள்ளே போகும். ஒன்றில் செய்த அவசரம் எல்லாவற்றையும் கெடுக்கும்.

பெயிண்டிலேயும் அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் ஒரு தொல்லை இருந்தது. குதிரை வண்டிக்குப் பூசிய வார்னிஷைத்தான் காருக்கும் பூசினார்கள். பூச்சுக்குப் பூச்சு காயவைத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவில் ஹென்றி போர்டு, 1914 முதல் 1925 வரை தமது "மாடல் டி" காரைக் கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றார். 1920-களில்தான் வழி பிறந்தது. பஞ்சை அமிலத்தில் பக்குவப்படுத்தி எடுத்த பொருளிலிருந்து "டூகோ" என்ற புதுப் பெயிண்ட் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி அதைத் தன் கார்களுக்கு அடித்தது. வாரக்கணக்கு மணிக்கணக்காயிற்று! காருக்குப் பல வர்ணங்களும் வந்தன.

அதே ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ம் ஆண்டு பம்பாயில் கார் பூட்டும் தொழிற்சாலை வைத்தது. அதன் வண்டிகளைத் தென்னாட்டில் விற்கும் பெரிய ஸ்தாபனமாக, பின்னாளில் ஐயங்காரின் சுந்தரம் மோட்டார்ஸ் விளங்கியது. மதுரையில் டி.வி.எஸ். ஸ்தாபனத்தார் நடத்திய பாடி கட்டும் பட்டறையும் பேர்பெற்றது. பல தொழிலாளர்களுக்கு அது கலாசாலை மாதிரி. அங்கே கற்ற கைவேலை ஊர் ஊராகப் பரவிற்று.

யுத்தம் வந்தது

1928-ம் ஆண்டு மதுரையிலிருந்து போடிக்கு ரெயில் வந்தது. மலையில் விளைந்த ஏலமும் காப்பியும் ரெயில் ஏறின. ஆனால் இரண்டாவது உலக யுத்தத்தின்போது அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். 1950-களில்தான் மறுபடி போட்டார்கள்.

ரெயில் இல்லாத ஊருக்குப் பஸ்தான் கதி. ஆனால் யுத்தத்தில் பெட்ரோலுக்கும் பஞ்சம்! ரேஷனில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார்கள். பஸ் முதலாளிகள் பலர் வண்டியை ஷெட்டில் நிறுத்தினார்கள்.

ஐயங்கார் நிறுத்தவில்லை. "டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்" என்ற சாதனத்தைத் தயாரித்தார். அது என்ன? ஓர் இரும்பு உருளையில் அடுப்புக்கரியைப் போட்டு மூட்டுவார்கள். காற்றை அளவோடு விட்டால், கரி முழுதும் எரியாமல் ஒருவித வாயு உண்டாகும். அந்த வாயுவைக் குளிரவைத்து, கரித்தூள் போக வடிகட்டி, இஞ்சினுக்குள் விடுவார்கள். பெட்ரோலுக்குப் பதில் அந்த வாயு எரிந்து வண்டி ஓடும்.

புறப்படுமுன் அடுப்பு மூட்டிக் காத்திருக்க வேண்டும். பெட்ரோலின் வேகமும் வராது. மேட்டில் மூச்சு வாங்கும். உருளைச் சூட்டிலும் கரியிலும் பஸ்ஸின் அழகு போய்விடும். அதனால் என்ன? பஸ் ஓடிற்று! ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் போய்ச் சேர்ந்தார்.

டயருக்கும் பஞ்சம். அதற்கும் வழி கண்டார். தேய்ந்த டயரின் மேல்பகுதியைச் சுரண்டி, புது ரப்பர் வைத்து, சூடேற்றி ஒட்டவைக்கும் தொழிற்சாலையைத் தொடங்கினார். இதிலும் அதே சூட்சுமந்தான்: பழைய டயரை ஒழுங்காகச் சுரண்டாவிட்டால் புது ரப்பர் ஒட்டாது.

வீட்டுக்குள் ஒரு சோதனை

வியாபாரத்தில் புதுமையை ஏற்றவருக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு சோதனை வந்தது.

அவர் மகள் சௌந்தரம் 1904-ம் ஆண்டு பிறந்தார். அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே மணம் நடந்தது. கணவர் டாக்டர். அவர் இளம் வயதில் இறந்துவிட்டார்.

அந்நாளில் விதவை என்றால் மூலையில் உட்கார வேண்டியதுதான். ஆனால் சௌந்தரம் படித்தார். டில்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1936-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார்.

அங்கே காந்தியடிகளின் தொண்டரான ஜி.இராமச்சந்திரனைச் சந்தித்தார். இருவரும் மணந்துகொள்ள விரும்பினார்கள். விதவை மறுமணம், அதிலும் ஜாதி வேறு! பெற்றோருக்கு அது எளிதில் ஜீரணமாகிற விஷயமல்ல. காந்தியடிகள் இருவரையும் ஒரு வருஷம் பிரிந்திருந்து மனதைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். மனம் மாறவில்லை. 1940-ம் ஆண்டு காந்தியடிகள் முன்னிலையில் திருமணம் நடந்தது.

ஆணியைப் பாதையிலிருந்து எடுப்பது சுலபம். தலைமுறை தலைமுறையாக ஏறிய வழக்கத்தை மனதிலிருந்து எடுப்பது கஷ்டம். ஆசாரமான குடும்பத்துத் தகப்பனாருக்கு அது எத்தனை பெரிய சோதனை என்பதைப் பெண்ணைப் பெற்றவர்கள் அறிவார்கள்.

அந்த மகள்தான் 1947-ம் ஆண்டு சின்னாளபட்டி அருகே கணவருடன் காந்திகிராமத்தைத் தொடங்கியவர். ஏழைப் பெண்களின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று வளர்ந்து, இன்று அது பல்கலைக்கழகமாக நிற்கிறது. 1962-ம் ஆண்டு டாக்டர் சௌந்தரம் மத்திய அரசில் கல்வித் துறைத் துணை மந்திரியும் ஆனார். தகப்பனார் ஊருக்கு ஊர் பாதை திறந்தார். மகள் பெண்களுக்குப் பாதை திறந்தார்!

முடிவு

பிள்ளைகள் தலையெடுத்ததும் சுந்தரம் ஐயங்கார் பொறுப்பை அவர்களிடம் கொடுத்தார். 1954-ம் ஆண்டு மகன் டி.எஸ்.சந்தானம் சுந்தரம் பைனான்ஸைத் தொடங்கினார். லாரி வாங்கக் கையில் மொத்தப் பணம் இல்லாதவரும் தவணையில் வாங்க அது வழி செய்தது.

1955-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ந் தேதி கொடைக்கானலில் சுந்தரம் ஐயங்கார் காலமானார். வயது 78.

அவர் விட்ட பஸ்கள் "சதர்ன் ரோட்வேஸ்" என்ற பெயரில் ஓடின. 1972-ம் ஆண்டு பஸ் போக்குவரத்து அரசுடைமை ஆனபோது, அவை பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. நேரந்தவறாமல் ஓடிய அந்த பஸ்களைப் பற்றிப் பேசும் முதியவர்களை மதுரை, தேனி வட்டாரத்தில் இன்றும் காணலாம்.

போடி ரெயில் பாதை 2010-ம் ஆண்டு முடிவில் அகலப்பாதைக்காக மூடப்பட்டு, 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் மறுபடி திறந்தது. இடைப்பட்ட 12 வருஷமும் பஸ்தான் போடி மக்களைச் சுமந்தது.

பளபளப்பைப் பார்த்து ஒரு பொருளை வாங்குகிறோம். ஆனால் அதை உழைக்க வைப்பது அடியில் நடந்த வேலை. உத்தியோகத்தை உதறிவிட்டுப் புழுதியில் இறங்கிய அந்த மனிதர், பாதையில் கிடந்த ஆணியைப் பொறுக்கித்தான் பெயர் வாங்கினார். சிறிய தொழில் தொடங்க நினைக்கும் எந்த வீட்டுப் பிள்ளையும் இதை மனதில் வைத்தால் போதும்.