நைட்டிங்கேல் அம்மையாரும் பிரசவித்த தாய்மாரும்

மாணவர்களே, புளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும், கையில் விளக்கேந்திப் போர்வீரர்களின் கட்டில்களிடையே நடந்து சென்ற பெண்மணியே உங்கள் நினைவுக்கு வருவார். பெரும்பாலான விடைத்தாள்களும் அத்துடன் நின்றுவிடுகின்றன. ஆனால் பிரசவித்த தாய்மாரைப் பராமரிக்கும் முயற்சியில் இவர் கண்ட தோல்வியையும், அதனை இவர் எதிர்கொண்ட விதத்தையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

இவர் 1820 மே 12 ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், வசதிமிக்க ஆங்கிலேயக் குடும்பமொன்றில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே இவருக்கும் இடப்பட்டது. தாதித் தொழில் அன்று மதிப்புக் குறைந்ததாகக் கருதப்பட்டமையால் குடும்பத்தினர் எதிர்த்தனர். இவரோ தம் எண்ணத்தைக் கைவிடவில்லை. 1854 இல் கிரைமிய யுத்தத்தின்போது 38 தாதியருடன் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலைக்குச் சென்றார். அக்கதையை நீங்கள் முன்னரே படித்திருப்பீர்கள்.

மக்கள் இவரது பெயரில் திரட்டிய நிதியைக் கொண்டு 1860 இல் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை ஆரம்பிக்கப்பட்டது. அந்நிதியின் ஒரு பகுதியைக் கொண்டே கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் ஒரு பிரசவ விடுதியும் அமைக்கப்பட்டது. கிராமப்புறப் பெண்கள் அங்கே மருத்துவிச்சிகளாகப் பயிற்சி பெற்றுத் தத்தம் ஊர்களிலுள்ள ஏழைத் தாய்மாருக்குப் பணிபுரிய வேண்டும் என்பதே நோக்கமாகும்.

நோக்கம் நல்லதே. ஆயினும் விடுதியில் பிரசவித்த தாய்மார் சில நாட்களில் காய்ச்சல் கண்டு இறக்கத் தொடங்கினர். இதுவே பிரசவக் காய்ச்சல் ஆகும். கைகளைக் குளோரின் நீரில் கழுவினால் இதனைத் தடுக்கலாம் என்பதை வியன்னாவில் செமல்வைஸ் என்ற வைத்தியர் 1847 இலேயே காட்டியிருந்தார். ஆனால் வைத்திய உலகம் அதனை ஏற்கவில்லை. கிருமிகள் பற்றிய அறிவும் அன்று தெளிவாக இருக்கவில்லை.

1867 இல் விடுதி மூடப்பட்டது. தம் பெயரால் நடந்த ஒன்று தாய்மாருக்கு ஆபத்தானது எனக் கண்டபின் அதனை மூடி மறைக்க இவர் முயலவில்லை. கணக்கெடுக்கத் தொடங்கினார். (1858 இலேயே இவர் லண்டன் புள்ளிவிபரவியற் சங்கத்தின் முதற் பெண் உறுப்பினராகியிருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.) இங்கிலாந்து முழுவதிலும் 1000 பிரசவங்களுக்கு ஏறத்தாழ 5 தாய்மார் இறந்தனர். இவரது விடுதியிலோ அது ஏறத்தாழ 33 ஆக இருந்தது. வசதியற்ற குடிசையில் பிரசவித்தவள் பிழைத்தாள். பராமரிப்பு நாடி வைத்தியசாலைக்கு வந்தவள் இறந்தாள். இதனை இவர் 1871 இல் நூலாகவே வெளியிட்டார். அந்நூலை, மருத்துவிச்சியாக இருந்த சோக்கிரட்டீசின் தாயாருக்கு அர்ப்பணித்தார் என்பது சுவையான செய்தி.

தாய்மாரை ஒரே விடுதியில் நெருக்கமாக வைக்கக்கூடாது, பொது நோயாளரிடமிருந்து பிரிக்க வேண்டும், இயன்றவரை பயிற்சி பெற்ற மருத்துவிச்சி வீடு தேடிச் செல்ல வேண்டும் என்பன இவரது முடிவுகள். இதைப் படித்துவிட்டு வைத்தியசாலைப் பிரசவம் ஆபத்தானது என்று எழுதிவிடாதீர்கள்! கிருமிநீக்கமும் பின்னர் வந்த மருந்துகளும் அந்நிலையை மாற்றிவிட்டன.

அம்மையார் 1910 இல் தமது 90 ஆவது வயதில் காலமானார். இலங்கையில் 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. வீடு தேடிச் செல்லும் மருத்துவ மாது சேவை இதன் வழியே நாடெங்கும் பரவியது. இன்று கல்முனையில் பிரசவித்து, ஒலுவில் துறைமுகத்தை அண்டிய தம் வீட்டுக்குத் திரும்பும் மீனவக் குடும்பத்துத் தாயையும் அப்பகுதி மருத்துவ மாது வந்து பார்க்கிறார். இரத்தப்போக்கு அதிகமா, தையல் ஆறுகிறதா, மார்பகத்தில் நோவு உண்டா, பிள்ளை பால் குடிக்கிறதா, தொப்புள் உலர்ந்துள்ளதா என்று கவனிக்கிறார். காய்ச்சல் உண்டா என்றும் தவறாது கேட்கிறார்.