கொல்லப்பட்ட சமாதானத் தூதர் ஃபோல்கே பெர்னடோட்

பலஸ்தீன - இஸ்ரேல் சமாதானப் பேச்சுவார்த்தைகள் ஏன் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் முட்டி நிற்கின்றன? இதற்கு விடை தேடுபவர்கள் 1993ஆம் ஆண்டு ஒஸ்லோ உடன்படிக்கையிலிருந்து தொடங்கினால் போதாது. ஐக்கிய நாடுகள் சபை 1948இல் பலஸ்தீனுக்கு அனுப்பிய மத்தியஸ்தர் ஃபோல்கே பெர்னடோட்டின் கதையை அறிய வேண்டும்.

1895இல் ஸ்டொக்ஹோமில் பிறந்த இவர், சுவீடன் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உப தலைவராக இருந்தபோது, 1945இல் நாஸி வதை முகாம்களுக்கு வெள்ளை நிற பஸ்களை அனுப்பிப் பல்லாயிரம் கைதிகளை மீட்டார். அவர்களில் ஆயிரக்கணக்கான யூதர்களும் இருந்தனர். இப்படிப்பட்டவரைத்தான் பின்னர் இஸ்ரேலின் எதிரி என்று முத்திரை குத்தினார்கள்.

1948 மே 20இல் மத்தியஸ்தராக நியமிக்கப்பட்ட பெர்னடோட், ஜூன் 11இல் நான்கு வாரப் போர்நிறுத்தம் ஒன்றை ஏற்படுத்தினார். ஜெரூசலத்தை அரபுப் பகுதியுடன் சேர்க்கும் அவரது முதல் யோசனையை இஸ்ரேல் ஏற்கவில்லை. யூத நாடு ஒன்றை அங்கீகரிக்க முடியாது என்று அரபு நாடுகளும் மறுத்தன. மீண்டும் போர் மூண்டது. லித்தா, ரம்லா நகரங்களிலிருந்து விரட்டப்பட்டு றாமல்லாவில் தஞ்சமடைந்திருந்த மக்களின் அவலத்தை அவர் நேரில் கண்டார்.

செப்டெம்பர் 16ஆம் திகதியிட்ட தனது அறிக்கையில் ஜெரூசலத்தை ஐ.நா. கட்டுப்பாட்டில் வைக்குமாறு பரிந்துரைத்தார். அகதிகள் தமது வீடுகளுக்குத் திரும்பும் உரிமை உறுதிப்படுத்தப்பட வேண்டும் என்றும், திரும்ப விரும்பாதோருக்கு நட்டஈடு வழங்கப்பட வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

மறுநாள் ஜெரூசலத்தின் கதமோன் பகுதியில் அவரது வாகனம் வழிமறிக்கப்பட்டது. லெஹி என்ற ஸியோனிஸ ஆயுதக் குழுவினர் அவரையும், அருகிலிருந்த பிரெஞ்சு கேர்ணல் ஒருவரையும் சுட்டுக் கொன்றனர். கதமோன், சில மாதங்களுக்கு முன்னர்தான் அரபுக் குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்த பகுதி.

இஸ்ரேல் அரசாங்கம் லெஹியைத் தடை செய்தது. ஆனால் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அக்குழுவின் தலைவர்களில் ஒருவர் 1949இல் பாராளுமன்ற உறுப்பினரானார். மற்றொருவரான யிட்ஸாக் ஷமீர் 1983இல் பிரதமரானார். 1991இல் மட்ரிட் சமாதான மாநாட்டில் இஸ்ரேலின் சார்பில் அமர்ந்திருந்தவரும் அவரே.

பெர்னடோட்டின் பரிந்துரை அவருடன் மறைந்துவிடவில்லை. 1948 டிசெம்பர் 11இல் ஐ.நா. பொதுச் சபை நிறைவேற்றிய 194ஆம் இலக்கத் தீர்மானத்தில் அகதிகள் திரும்புவது பற்றிய பந்தி இடம்பெற்றது. ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. அன்று ஏறத்தாழ 7 இலட்சமாக இருந்த அகதிகள், இன்று சந்ததிகளுடன் 50 இலட்சத்தைத் தாண்டிவிட்டனர்.

ஒஸ்லோ உடன்படிக்கையும் அகதிகள், ஜெரூசலம், எல்லை ஆகிய விவகாரங்களைப் பின்னர் பேசுவதாக ஒத்திவைத்தது. பெர்னடோட் முதலிலேயே மேசையில் வைத்த விடயங்கள் இவைதான். இவற்றைத் தவிர்த்துவிட்டு இனியும் நடக்கும் எந்தப் பேச்சுவார்த்தையும் 1948இல் நின்ற இடத்தைத் தாண்டப் போவதில்லை.