போரில் ஜெயித்த ராபர்ட் கிளைவ், மனச்சோர்வோடு தனியாகப் போராடியது ஏன்?

செஞ்சிக் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் ராஜா தேசிங்கு கதையைக் கேட்காமல் திரும்புவதில்லை. 1714-ல் போர்க்களத்தில் விழுந்த அந்த இளைஞரை ஊர் இன்றும் பாட்டில் வைத்திருக்கிறது. ஆனால் போர் முடிந்து வீடு திரும்பி, பல வருடம் கழித்து மனம் உடைந்து இறக்கும் படைவீரரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செஞ்சியைச் சுற்றி நடந்த போரில் பெயர் வாங்கிய ராபர்ட் கிளைவ் கதையும் அப்படித்தான்.

செஞ்சிக்கும் கிளைவுக்கும் என்ன தொடர்பு?

1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டையை ஒரே இரவில் பிடித்தது. அதே டிசம்பரில் ஹைதராபாத் நிஜாம் நாசிர் ஜங் செஞ்சிக்கு அருகே கொல்லப்பட்டார். பிரெஞ்சுக்காரர்கள் ஆதரித்த சந்தா சாகிப்பின் கை ஓங்கியது. ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலி திருச்சியில் சிக்கிக்கொண்டார். இந்த நிலைமையை மாற்ற, 1751-ல் சுமார் 500 பேரோடு போய் சந்தா சாகிப்பின் தலைநகரான ஆற்காட்டைப் பிடித்தார் கிளைவ். பிறகு 50 நாள் முற்றுகையையும் தாங்கி நின்றார். அப்போது அவருக்கு வயது 26.

முன்பே தெரிந்த அறிகுறி

1744-ல் கிழக்கிந்திய கம்பெனி எழுத்தராகச் சென்னைக்கு வந்தபோது அவருக்கு 18 வயது. தெரிந்தவர்கள் இல்லை, சொற்பச் சம்பளம், கடும் தனிமை. அந்த நாட்களிலேயே தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அதன் பிறகும் மனச்சோர்வு வந்து வந்து போனது. ஏற்கெனவே ஒருமுறை முயன்றவருக்குக் கூடுதல் கவனம் தேவை என்கிறது இன்றைய மருத்துவம். அன்று அதைப் புரிந்துகொள்ள ஆளில்லை.

வெற்றிக்குப் பிறகு என்ன நடந்தது?

1757-ல் பிளாசி வெற்றி. வங்காளம் கம்பெனியின் பிடிக்குள் வந்தது, கிளைவ் பெரும் பணக்காரர் ஆனார். 1761-ல் செஞ்சி ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். மீண்டும் வங்காளம் போய், 1767-ல் ஒரேயடியாகத் திரும்பினார். தீராத வயிற்று வலி, அதற்கு அபின். 1770 வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் இறந்த பிறகு, கம்பெனியின் சுரண்டல் மீது கேள்விகள் கிளம்பின. நாடாளுமன்றம் அவரையும் துருவித் துருவி விசாரித்தது. 1773-ல் தண்டனை இல்லாமல் தப்பினார். ஆனால் 1774 நவம்பர் 22-ல், 49 வயதில், லண்டன் வீட்டில் இறந்துபோனார். தற்கொலை என்றே பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். நோய்தான் காரணம் என்பவர்களும் உண்டு.

வங்காளத்தைச் சுரண்டியவருக்கு இரக்கமா என்று கேட்கலாம். அவர் செய்ததற்கான கணக்கு வேறு. பட்டம், பணம், வீரம் எதுவும் மனச்சோர்வைத் தடுக்காது என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி.

ஏன் மூடி மறைத்தார்கள்?

அன்றைய இங்கிலாந்தில் தற்கொலை ஒரு குற்றம், குடும்பத்துக்கு அவமானம். கிளைவின் உடல் சொந்த ஊர்ப்பக்கம் ஒரு கிராமத் தேவாலயத்தில், பெயர்க் கல்கூட இல்லாமல் அடக்கம் செய்யப்பட்டது.

இன்று என்ன செய்யலாம்?

இந்தியாவில் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே பார்க்கச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த மிலிட்டரிக்காரர் என்றால் கம்பீரமாகத்தான் இருப்பார் என்று அக்கம்பக்கம் நினைத்துக்கொள்ளும். அவர் தூங்காமல் இருப்பது, குடி கூடுவது, யாரோடும் பேசாமல் ஒதுங்குவது, இனி நான் எதற்கு என்ற தொனியில் பேசுவது எல்லாம் கவனிக்க வேண்டியவை. தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படாது. கேட்டுவிட்டு, குறுக்கே அறிவுரை சொல்லாமல், அவர் சொல்வதை முழுசாகக் கேட்க வேண்டும். ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் தனியாக விடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. தமிழக அரசின் உதவி எண் 104. இரண்டிலும் தமிழில் பேசலாம். படைவீரர் மட்டுமல்ல, அவரைப் பார்த்துக் கவலைப்படும் குடும்பத்தினரும் கூப்பிடலாம்.