யமன் வாயிலிருந்து மீட்ட கருவி – ஜோர்ஜ் ஹேர்ஸ்டின் கதை

எங்கட மலரிலே வருடாவருடம் ஒரு பெரியாருடைய வாழ்க்கை வரலாற்றை யாராவது எழுதுவது வழமை. புலவர்கள், தலைவர்கள், துறவிகள் என்று பலரைப் பற்றிப் படித்துவிட்டோம். இம்முறை என் பங்குக்கு நான் தெரிந்தெடுத்தவர் ஒரு கராஜ்காரர். கையிலே கிறீஸ் பூசிக்கொண்டு வாழ்ந்த மனிதர். பெயர் ஜோர்ஜ் ஹேர்ஸ்ட். பழைய அமெரிக்கக் கார்களிலே பைத்தியமானவர்களைக் கேட்டால் அவரைப் பற்றி விடிய விடியக் கதைப்பார்கள். அவரால் உயிர் தப்பினவர்களுக்கோ பெரும்பாலும் அவர் பெயரே தெரியாது. அதுதான் இந்தக் கதையின் விசேஷம்.

ஹேர்ஸ்ட் பிறந்தது 1927இல். பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. இளவயதிலேயே கடற்படையில் சேர்ந்துவிட்டார். அதைவிட்டு வந்தபிறகு பிலடெல்பியாவுக்குப் பக்கத்திலே ஒரு கார் திருத்தும் கடை போட்டார். நியூ ஜேர்சியில் இருக்கும் எங்களுக்கு அது டெலவெயர் ஆற்றைத் தாண்டினால் வரும் இடம்தான். 1958இல் பில் கம்பல் என்ற நண்பருடன் சேர்ந்து ஹேர்ஸ்ட்-கம்பல் என்ற கம்பனியைத் தொடங்கினார். பின்பு அது பென்சில்வேனியாவிலுள்ள வார்மின்ஸ்ரர் என்ற ஊரிலே பெரிய தொழிற்சாலையாக வளர்ந்தது.

அவர் பெயரெடுத்தது கியர் மாற்றும் கம்பியாலே. ஊரிலே பேஜோ 404 ஓடினவைக்கு இது விளங்கும். ஸ்ரியரிங்குக்குக் கீழே கியர்க் கம்பி இருக்கும். அந்தக் காலத்து அமெரிக்கக் கார்கள் பலவும் அப்படித்தான். பந்தயத்துக்கு அது சரிவராது. கையைத் தடக்கும், கியர் பிழைக்கும். ஹேர்ஸ்ட் நிலத்திலிருந்து எழும்பி நிற்கும் உறுதியான கம்பி ஒன்றைச் செய்தார். செய்ததோடு நிற்கவில்லை, ஆயுள் முழுவதற்கும் உத்தரவாதமும் கொடுத்தார். 1964இல் பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ. கார் அவருடைய கியர்க் கம்பியோடுதான் சந்தைக்கு வந்தது. 1968இல் ஓல்ட்ஸ்மொபைல் கம்பனியோடு சேர்ந்து அவர் பெயரையே தாங்கிய காரும் வெளிவந்தது. சுருக்கமாகச் சொன்னால், வேகத்தை விற்றுப் பணக்காரரான மனிதர்.

அந்த வேகம் என்ன செய்யும் என்பதையும் அவர் கண்ணாலே கண்டார். 1961இல் ஒரு கார்ப் பந்தயத்திலே ஒரு கார் நொருங்கி, ஓட்டி உள்ளே அகப்பட்டுக்கொண்டார். வெளியே எடுக்க ஒரு மணித்தியாலத்துக்கும் மேலே எடுத்தது. அந்தக் காலத்திலே அலவாங்கும் இரும்பு வாளும்தான் ஆயுதம். அலவாங்கால் நெம்பினால் கார் ஆடும், உள்ளே இருப்பவருடைய முறிந்த எலும்பும் ஆடும். சுழல் வாளால் அறுத்தால் தீப்பொறி பறக்கும், கீழேயோ பெற்றோல் ஒழுகும். இதைக் கண்டபிறகு ஹேர்ஸ்ட் சும்மா இருக்கவில்லை. தன்னுடைய ஆட்களையும் பட்டறையையும் இந்த வேலைக்குத் திருப்பினார்.

முதலிலே செய்த கருவி 350 இறாத்தல் அளவு பாரம். வாகனத்திலே ஏற்றித்தான் கொண்டு போகவேண்டும். பந்தயத் திடலுக்குச் சரி, தெருவுக்குச் சரிவராது. பிறகு பாரத்தைக் குறைத்துக் குறைத்து, ஆட்கள் கையாலே தூக்கிப் பிடிக்கக் கூடியதாக்கினார்கள். எழுபதுகளின் தொடக்கத்திலே அது தீயணைப்புப் படைகளிடம் போய்ச் சேர்ந்தது.

அது வேலை செய்யும் விதம் ஒன்றும் மந்திரமில்லை. பள்ளிக்கூடத்திலே படித்த பாஸ்காலின் விதிதான். கார் ஜக்கும், ரிப்பர் லொறியின் பெட்டி எழும்புவதும் அதே விதியாலேதான். ஒரு சிறிய இயந்திரம் திரவத்தை அமுக்கிக் குழாயாலே அனுப்பும். அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 5,000 இறாத்தல். பிஸ்டன் நான்கு சதுர அங்குலம் என்று வைத்துக்கொண்டால், அதைத் தள்ளும் விசை 20,000 இறாத்தல். அந்தப் பிஸ்டன் இரண்டு உருக்குக் கைகளை முதலை வாய் திறப்பதுபோல மெல்ல மெல்ல விரிக்கும். நசிந்து இறுகின கதவு பிணைச்சலோடு கழன்று வந்துவிடும். தீப்பொறி இல்லை, குலுக்கல் குறைவு.

இனி அதன் பெயருக்கு வருவோம். கம்பனி வைத்த பெயர் ஹேர்ஸ்ட் மீட்புக் கருவி. அந்தப் பெயரோடு இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஹேர்ஸ்டிடம் மைக் பிறிக் என்று ஒருவர் வேலை செய்தார். இந்தக் கருவி மனிதரை மரணத்தின் தாடைகளிலிருந்து பிடுங்கி எடுக்கிறது என்று சனங்கள் சொல்வதை அவர் கவனித்தார். ஆங்கிலேயருக்கு அது மரணத்தின் தாடை, எங்களுக்கு யமன் வாய். யமன் வாய்க்குள்ளே போய் மீண்டவன் என்று நாங்களும் சொல்கிறோம்தானே. பிறிக் அந்தச் சொல்லைத் தலைகீழாகப் புரட்டினார். மரணத்துக்குத் தாடை இருந்தால் உயிருக்கும் தாடை இருக்கட்டும் என்று, ஜோஸ் ஒஃப் லைஃப் என்று பெயர் வைத்தார். உயிரின் தாடைகள்! பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அது சட்டப்படி ஹேர்ஸ்ட் கருவிக்கு மட்டும் உரிய வியாபாரப் பெயர். ஆனால் ஒல்லாந்தின் ஹொல்மாத்ரோ, ஜேர்மனியின் லூக்காஸ் கம்பனிகளின் கருவிகளையும் சனம் அந்தப் பெயராலேதான் கூப்பிடுகிறது.

ஹேர்ஸ்டுக்கு என்ன நடந்தது? 1970இல் அவருடைய கம்பனி சன்பீம் நிறுவனத்தின் கைக்குப் போனது. தான் வளர்த்த வீட்டிலேயே தனக்கு இடமில்லாமல் போக, அவர் விலகிவிட்டார். 1986 மே 13ஆம் திகதி, அறுபது வயதைக் காணாமலே காலமானார். வேகமான கார்களைச் செய்த மனிதராகத்தான் பலரும் அவரை நினைவு வைத்திருக்கிறார்கள். என் கணக்கிலே அவர் செய்த பெரிய வேலை மற்றதுதான். தன் தொழிலின் மறுபக்கத்தைக் கண்டபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

இவரைப் பற்றித் தேடிப் படிக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. நியூ ஜேர்சியிலே பல ஊர்களில் தீயணைப்புப் படை சம்பளமில்லாத் தொண்டர்களால் நடக்கிறது. என் தங்கச்சியின் மகன் எங்கள் ஊர்ப் படையிலே சேர்ந்திருக்கிறான். நடுச்சாமத்திலே அழைப்பு வந்தால் எழும்பி ஓடுவான். தங்கச்சிக்கு இது துண்டாகப் பிடிக்கவில்லை. ஷெல்லடிக்குள்ளே இரண்டு சகோதரங்களைப் பறிகொடுத்தவள் அவள். இத்தனை கடல் தாண்டிப் பிள்ளையைக் கொண்டுவந்தது இதற்காகவோ என்று கேட்கிறாள். அவள் கேட்பதிலே நியாயம் இருக்கு. அவளுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

மருமகன் எனக்கு ஒரு விசயம் சொல்லித் தந்தான். இந்தக் கருவி வந்தபிறகு வேலையின் அடிப்படையே மாறிவிட்டதாம். மனிதரைக் காரிலிருந்து இழுப்பதில்லை, காரைத்தான் மனிதரிடமிருந்து அகற்றுவது. முதலில் கார் அசையாமல் கட்டை வைப்பார்கள். பற்றறியைக் கழற்றுவார்கள். காயப்பட்டவரைப் போர்வையால் மூடுவார்கள். பிறகு கண்ணாடி, கதவு, தேவைப்பட்டால் கூரை. ஊரிலே மினி வான் பிரண்டால் நாங்கள் என்ன செய்தோம்? ஓடிப்போய்க் கையிலும் காலிலும் பிடித்து இழுத்தோம். நல்ல மனதோடுதான் செய்தோம். ஆனால் அந்த இழுவையிலே முள்ளந்தண்டு பழுதாகிப் படுக்கையிலே கிடந்தவர்கள் எத்தனை பேர்!

ஆகவே, ரேர்ன்பைக்கிலோ, ரெக்சஸ் நெடுஞ்சாலையிலோ, பே ஏரியாவிலோ விபத்தைக் கண்டால் பாதுகாப்பான இடத்தில் நின்று உடனே 911க்கு அடியுங்கள். தீப்பற்றினால் ஒழிய, அகப்பட்டவரை இழுக்க வேண்டாம். அவரோடு பேசுங்கள், தலையை அசைக்காதிருக்கச் சொல்லுங்கள். இப்போதைய கார்களின் உருக்கு முந்தியதைவிட வைரம். மின்சாரக் கார்களிலே ஆபத்தான வயர்களும் உண்டு. எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது என்று பழகினவர்களுக்குத்தான் தெரியும்.

யமன் வாய் எப்படியிருக்கும் என்று எங்கட சனத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எங்களையும் முகம் தெரியாத யார் யாரோ கைபிடித்து வெளியே எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல விலாசம் கிடையாது. எங்கட பிள்ளைகள் இந்த நாட்டிலே முகம் தெரியாத இன்னொருவரை மீட்கப் போனால், அதுவும் அந்தக் கடனைக் கட்டுகிற வழிதான். பெற்றோர் பயப்படுங்கள், அது இயற்கை. ஆனால் மறிக்காதீர்கள்.

பிறக்கும் புத்தாண்டிலே எல்லோரும் ஆசனப் பட்டியைப் போட்டு, நிதானமாக ஓடி, சுகமாக வீடு வந்து சேர வாழ்த்துகிறேன்.